தண்ணீர் போன வழியில் கொடைக்கானல்

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்கள் முதலில் வண்டியை நிறுத்துவது வெள்ளி நீர்வீழ்ச்சியில்தான். ஊருக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போதே, சாலை வளையும் இடத்தில், சுமார் 180 அடி உயரப் பாறையில் தண்ணீர் சிதறி விழுகிறது. கார்த்திகை மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அருவி பாறையின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொண்டு இறங்கியது. எதிர்ப்புறக் கடைகளில் பட்டர் ஃப்ரூட்டையும் மரத்தக்காளியையும் கூறு கட்டி வைத்திருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்கிய குடும்பங்கள் கம்பித் தடுப்பில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தன. குரங்குகளுக்கு அவர்கள் கைப்பையின் மேல்தான் கண். சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"ஏரித் தண்ணிதான் தம்பி. மேல ஏரி நெறஞ்சு வழிஞ்சா இங்க கொட்டும். கோடையில வந்து பாருங்க, நூலு மாதிரி இருக்கும்."

அவர் சொன்னது சரி. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிந்த மிச்சம்தான் இந்த அருவி. அந்த ஏரியோ மனிதர் கட்டியது. படம் எடுத்துவிட்டு வண்டியேறுகிறவர்களில் இதை யாரும் யோசிப்பதில்லை. யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை. இந்த முறை தண்ணீரின் வழியிலேயே போய்ப் பார்ப்பது என்று எண்ணித்தான் வந்திருந்தேன். எந்தச் சோலையில் ஊறுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் இறங்கி யார் வயலுக்குப் போகிறது என்று தேடிப் போனால், இந்த மலையில் பார்க்க வேண்டிய இடங்கள் தாமே வரிசையாக வந்து நிற்கும் என்பது என் நம்பிக்கை.

அருவியை ஒட்டியே சோதனைச் சாவடி. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். செல்பேசியில் அதைக் காட்டினோம். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் இடமில்லை. முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு கட்டு பாட்டிலை இறக்கி வைத்தார்கள். வரிசை நீளமாக இருந்தது, சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. மே மாதத்தில் ஏரிச் சாலையில் கார்கள் மணிக்கணக்கில் நகராமல் நிற்பதைப் பார்த்தவர்கள் இதை எதிர்க்க மாட்டார்கள்.

ஊருக்குள் வந்ததும் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர் அட்டையை நீட்டினார். "பாயிண்ட் பாக்கலையாண்ணே? பன்னெண்டு எடம், ஒரே நாள்ல முடிச்சு விட்ருவேன்." அவர் பிழைப்பு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் ஏரிக்கு நடந்தேன்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஏரிக்கரையில் அந்த நேரத்தில் குதிரைக்காரர்கள் குதிரைகளுக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருப்பார்கள், வாடகை சைக்கிள்களைத் துடைத்து நிறுத்துவார்கள், தண்ணீருக்கு மேல் ஆளுயரத்துக்குப் பனி படர்ந்திருக்கும். சுமார் 60 ஏக்கர் நீர்ப்பரப்பு. நட்சத்திரம் போலப் பல கைகளாக நீண்டு மலை மடிப்புகளுக்குள் புகுந்திருப்பதால் ஒரே இடத்தில் நின்று முழுவதையும் பார்க்க முடியாது. சுற்றி வர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். கொடைக்கானலுக்குச் செலவழிக்க ஒரே ஒரு காலை கிடைத்தாலும் இந்த ஐந்து கிலோமீட்டரை நடந்துவிடுங்கள் என்பேன். படகு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இடம் முன்பு ஓடைகள் கூடும் சதுப்புப் பள்ளம். 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள், சமவெளிக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களை இழந்து, மூச்சு விட ஓர் இடம் தேடி மலையேறி இரண்டு வீடுகள் கட்டினார்கள். அப்போது ஏரி கிடையாது. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை எழுப்பினார். அதில் மீன் விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்து மிதக்கவிட்டதும் அவர்தான் என்கிறார்கள். கலெக்டர் வேலையை விட்ட பிறகும் ஊர் திரும்பாமல் கொடைக்கானலிலேயே குடியிருந்தார்.

லெவிஞ்ச் ஐரிஷ் குடும்பத்துக்காரர். அயர்லாந்தின் நடுவில் வெஸ்ட்மீத் மாவட்டத்தில் முல்லிங்கர் என்றொரு ஊர். அதன் அருகே உள்ள நாக்ட்ரின் கோட்டை அவர் குடும்பத்தின் வீடு. அயர்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் மோகர் கடற்பாறைகளையும் கில்லார்னியையும்தான் முதலில் குறித்துக்கொள்வார்கள். வெஸ்ட்மீத் அந்தப் பட்டியலில் கீழே எங்காவது வரும். கடலைத் தொடாத மாவட்டம் அது. அங்கே இருப்பவை ஏரிகள்: ஓவெல், என்னெல், டெராவரா. லிர் என்ற மன்னனின் பிள்ளைகள் மாற்றாந்தாய் சாபத்தால் அன்னங்களாகி முதல் 300 ஆண்டுகளைக் கழித்தது டெராவரா ஏரியில் என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் கேட்டு வளரும் கதை. ஓவெல் ஏரி முல்லிங்கருக்குக் குடிநீர் தருகிறது, ராயல் கால்வாய்க்கும் நீர் கொடுக்கிறது. அப்படிப்பட்ட மண்ணோடு உறவுள்ள ஒருவர் ஏழாயிரம் அடி உயரத்தில், தூறலும் பனியும் நிறைந்த ஒரு சதுப்பைப் பார்த்ததும் அங்கே ஏரியைக் கற்பனை செய்தார் என்பதில் வியப்பில்லை. சொந்த ஊர் ஏக்கமா, ஊர் அமைக்கும் கலெக்டரின் கணக்கா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டுக்கும் இந்தக் கரையில் இடமிருக்கிறது.

நடந்துகொண்டே போனால் ஏரியின் சில கைகளில் பாசி தடித்துக் கிடக்கிறது. மேலே இருக்கும் கட்டடங்களின் கழிவு வடிந்து சேரும் மூலைகள் அவை. மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். வெள்ளி நீர்வீழ்ச்சியில் தலையை நீட்டிக் குளிக்க நினைப்பவர்கள் இந்த மூலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஏரியின் கிழக்கே ப்ரையன்ட் பூங்கா. 1908இல் எச்.டி. ப்ரையன்ட் என்ற வனத்துறை அதிகாரி அமைத்தது. மே மாத மலர்க் கண்காட்சிக்காகக் கூட்டம் முட்டும். ரோஜா பருவம் இல்லாத நாளில் அங்கே மரங்களை நிதானமாகப் பார்க்கலாம். 1857ஆம் ஆண்டைச் சேர்ந்த தைல மரம் ஒன்று நிற்கிறது. இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்த மரங்களின் கதை அதற்குள் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பூங்காவை விட்டு மேலேறினால் கோக்கர்ஸ் வாக். 1872இல் கோக்கர் என்ற ராணுவப் பொறியாளர் மலையின் விளிம்பில் வெட்டிய ஒரு கிலோமீட்டர் நடைபாதை. வாகனம் கிடையாது. இடப்பக்கம் டால்பின் மூக்குப் பாறை, வலப்பக்கம் பாம்பாறு இறங்கும் பள்ளத்தாக்கு, நேர் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி. காலையில் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் காட்சி பதினோரு மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. சமவெளியில் சூடேறிய காற்று ஈரத்தோடு மலைச்சரிவில் ஏறி, குளிர்ந்து, கண்ணெதிரே மேகமாகிறது. கீழிருந்து மேகம் வந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி, நடப்பவர்களின் கால்களுக்கிடையே புகுந்து ஊருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சூரியன் முதுகுக்குப் பின்னாலும் மேகம் எதிரிலும் அமைகிற அபூர்வமான வேளையில் நம் நிழல் மேகத்தின் மேல் விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு தெரியும். அன்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது மேகம் பிறப்பதை, அதுவே போதும்.

மேகத்தைப் பற்றிப் பேசும்போது சூரிய ஆய்வகத்தைச் சொல்லாமல் முடியாது. ஏரியிலிருந்து மேற்கே ஏறும் சாலையில், 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இடம் என்று நினைத்துப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். என் பட்டியலில் ஏரிக்கு அடுத்தது இதுதான். 1876–78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி அரசை விடவில்லை. சூரியனின் மாற்றங்களைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையைப் புரிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. சென்னை வானாய்வகத்தின் பணி மலைக்கு வந்தது அந்த எண்ணத்தால்தான். 1899இல் ஆய்வகம் நிறுவப்பட்டு, 1901இல் சூரியனைப் பார்க்கும் வேலை தொடங்கியது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டறிந்தார். உலகப் பாடப்புத்தகங்களில் அது எவர்ஷெட் விளைவு. நூறாண்டுக்கும் மேலாகத் தினந்தினம் எடுத்த சூரியப் படங்கள் கண்ணாடித் தட்டுகளில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. உலகில் இவ்வளவு நீளமான தொடர் சிலவே உண்டு.

கூடத்தில் வெள்ளைத் திரையில் சூரியனின் பிம்பம் விழுந்தது. ஓரமாக இரண்டு கரும்புள்ளிகள். ஒரு சிறுமி அதைத் தொட்டுவிடலாமா என்று அம்மாவைப் பார்த்தாள். மழைக்காக ஏங்கி மடிந்த ஒரு தலைமுறையின் கேள்வி இந்தத் திரை வரை வந்திருக்கிறது என்பதை அங்கே நின்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

குணா குகையையும் தூண் பாறையையும் வேகமாகக் கடந்தேன். 1991இல் 'குணா', 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்று இரண்டு படங்கள் அந்தக் குகைக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்துவிட்டன. கம்பி வேலிக்கு இப்பால் நின்று வேர்களைப் படமெடுக்கிறார்கள். தூண் பாறைகள் 400 அடி உயரம். மேகம் விலகினால் பார்க்கலாம், விலகாவிட்டால் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

வட்டக்கானலுக்குப் போகும் சாலையில்தான் பாம்பார் சோலை தொடங்குகிறது. சோலை என்று இங்கே சொல்வது மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் பழைய காட்டை. மரங்கள் அதிக உயரம் இல்லை, கிளைகளெல்லாம் பாசி, தரையில் கால் வைத்தால் மெத்தென்று அமிழும். மழை நின்று நாளாகியும் இலைகளிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. இந்த ஈரமெல்லாம் சேர்ந்துதான் பாம்பாறு. சற்றுக் கீழே அது பாறையில் சறுக்கி விழும் இடத்தை ஊர்க்காரர்கள் லிரில் அருவி என்கிறார்கள். 1970-களில் அந்தச் சோப்பின் விளம்பரத்தை இங்கே எடுத்ததால் வந்த பெயர்.

இந்தச் சோலைக்கு மேலே, சரிவின் விளிம்பில்தான் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்த தொழிற்சாலை, பின்னர் ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்துப் போராடியபின் 2001இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பதினைந்து ஆண்டுகள். இந்தச் சாலையில் நடந்து அருவியைப் பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மேலே மண்ணில் சேர்வது எதுவும் மேலேயே நிற்பதில்லை.

வட்டக்கானலில் தேநீர்க் கடைகளும் விடுதிகளும் பெருகிவிட்டன. இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். பலகைகளில் ஹீப்ரு எழுத்து. அதைத் தாண்டி டால்பின் மூக்குக்கு இறங்கும் வழி வேர்களே படிகளாக அமைந்தது. மூக்குப் பாறையில் ஒருவர் மேல் ஒருவர் நின்று படம் எடுப்பதை வேடிக்கை பார்க்கப் பொறுக்கவில்லை. தடுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத இடம். அங்கிருந்து இன்னும் கீழே போகும் ஒற்றையடிப் பாதை வெள்ளகவிக்கு. 1821இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளக்க வந்தபோது முகாமிட்ட கிராமம். நெடுங்காலம் சாலையின்றி, குதிரை முதுகிலும் ஆள் தலையிலும் காப்பியும் மிளகும் இறக்கி வாழ்ந்த ஊர். ஊருக்குள் காலணி போட மாட்டார்கள். கோயில்களுக்கு நடுவில்தான் வீடுகள் இருக்கின்றன என்பது அவர்கள் சொல்லும் காரணம். பாதையில் எதிர்ப்பட்ட பெரியவர் ஒருவர் தலைச்சுமையை இறக்காமலே நின்று பேசினார். "எங்கிருந்து வர்றீக? ஊருக்குள்ள வர்றதா இருந்தா செருப்பக் கையில எடுத்துக்கங்க. ஓடைத் தண்ணியத்தான் குடிக்கிறோம், சோப்புப் போட்டுறாதீக." சுற்றுலாத் துறை அச்சடிக்கும் எந்த அறிவிப்பையும்விடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் பேரிஜம். வனத்துறையிடம் அனுமதி பெற்று, எண்ணிவிடும் வண்டிகளில் ஒன்றாகக் காட்டுக்குள் போக வேண்டும். கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 21 கிலோமீட்டர். போகும் வழியில் தொப்பி தூக்கும் பாறை, மதிகெட்டான் சோலை. அந்தச் சோலைக்குள் போனவர் மதி கெட்டு வழி தெரியாமல் திரிவார் என்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லாத் திசையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. சாலை ஓரத்துப் புல்லில் காட்டுமாடுகள் மூன்று எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மேய்ந்தன. பேரிஜம் ஏரியும் சதுப்பாக இருந்த இடத்தில் கரை கட்டி உண்டானதுதான். கடைகள் இல்லை, படகு இல்லை, ஒலிபெருக்கி இல்லை. இந்தத் தண்ணீர்தான் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீர். கொடைக்கானல் ஏரியும் இப்படி ஏதாவது ஓர் ஊருக்குக் குடிநீராகியிருந்தால் அதன் கரையை இவ்வளவு நெருக்கிக் கட்டியிருப்போமா என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன்.

வழியெல்லாம் மஞ்சள் பூக்கும் வாட்டில், வரிசை பிடித்த பைன், தைல மரம். பச்சையாகத்தான் இருக்கிறது, படத்தில் அழகாகத்தான் விழும். ஆனால் இவை நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது புல்வெளி. தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் புல்லை வீண் நிலம் என்று கருதி நட்டார்கள். நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்தவர்கள், மனிதர் காடழித்து உண்டாக்கியதல்ல இந்தப் புல்வெளி, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று காட்டியிருக்கிறார்கள். பழனி மலையில் நாற்பதே ஆண்டுகளில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்து 2018இல் வெளியான ஆய்வு. மழையைப் பஞ்சுபோல் வாங்கி வைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவது புல்லும் சதுப்பும் சோலையும் சேர்ந்த அமைப்புதான்.

இங்கேயும் அயர்லாந்து நினைவுக்கு வந்தது. லெவிஞ்சின் வெஸ்ட்மீத்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் கரிமண் சதுப்புகள் நிறைந்தவை. அவற்றை வடித்து, வெட்டி, உலர்த்தி அடுப்பிலும் மின்நிலையத்திலும் எரித்தார்கள். அந்நாட்டு அரசு நிறுவனமே கரிமண் வெட்டுவதை 2021இல் முடித்துக்கொண்டு, வடித்த சதுப்புகளில் மீண்டும் நீர் கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறது. ஆஃபலி மாவட்டத்துக் கிளாரா சதுப்பில் பலகைப் பாதை போட்டு, சதுப்பைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வருகிறார்கள். நம் பக்கம் 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வாட்டிலை அகற்றிப் புல்லையும் சோலையையும் மீட்கும் முயற்சிகளும் அங்கங்கே நடக்கின்றன. மீட்ட ஒரு புல் சரிவுக்கு வழிகாட்டியோடு அழைத்துப் போய்க் காட்டினால், பன்னிரண்டு பாயிண்ட்டோடு பதின்மூன்றாவதாகச் சேர்க்க அதைவிடத் தகுதியான இடம் இல்லை.

புல் போனால் குறிஞ்சியும் போகும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்று இதைத்தான் நினைத்தேன். 1936இல் எழுந்த கோயில். கட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து, இந்துவாகி, யாழ்ப்பாணத்தாரின் பெருமைக்குரிய சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி இராமநாதன். எங்கோ பிறந்து, ஈழத்தில் வாழ்ந்து, பழனி மலை தெரியும் ஓர் உச்சியில் முருகனை நிறுத்தியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018இல், அடுத்தது 2030. கோயில் வளாகத்தில் வளர்க்கும் செடிகள் இருக்கின்றன. குருக்கள், "அடுத்த பூவுக்கு வந்துருங்க" என்று திருநீறு கொடுத்தார். வடக்கே மேகம் விலகியபோது பழனி தெரிந்தது.

பூம்பாறைக்குப் பேருந்தில் போனேன். சாலை வளைந்ததும் கீழே படிப்படியான வயல்களும் நடுவில் ஓட்டுக்கூரைகளும் தெரியும் இடத்தில் ஓட்டுநரே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். குழந்தை வேலப்பர் கோயில் நடுநாயகம். மூலவரை வடித்தவர் போகர் என்பது ஊரார் நம்பிக்கை. கேரட், பட்டாணி, உருளைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் உத்திரம் முழுக்கப் பூண்டுக் கட்டுகள் தொங்கின. வீட்டுக்கார அம்மா ஒரு பல்லை நசுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். "கீழ்ப் பூண்டு இப்படிக் காரமா இருக்குமா? மோந்து பாருங்க." கண்ணில் நீர் வந்துவிட்டது.

உருளைக்கிழங்கு வயலில் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர் மகன். தொடர்ந்து பனியும் தூறலும் இருந்தால் இலை கருகும். இரண்டு மூன்று நாளில் வயலே படுத்துவிடும் என்றார். 1845இல் அயர்லாந்தைத் தாக்கியதும் இந்தப் பின்கருகல் நோய்தான். கொடைக்கானலில் முதல் வீடுகள் எழுந்த அதே ஆண்டு. கிழங்கை மட்டுமே நம்பியிருந்த அந்த மக்களில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்தில் தானியம் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தாது வருஷத்தில் நம் துறைமுகங்களிலிருந்தும் போனது. இதை நான் சொல்லி முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதனாலதாண்ணே நாங்க ஒரே வெள்ளாமைய நம்புறதில்ல. பூண்டு, பீன்ஸு, கெழங்கு, மாத்தி மாத்தித்தான்," என்றார்.

மன்னவனூர் இன்னும் உள்ளே. மிஞ்சியிருக்கும் புல்வெளியின் பரப்பை அங்கேதான் ஒரு பார்வையில் பார்க்க முடிந்தது. 1965 முதல் இயங்கும் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையத்தின் பாரத் மெரினோ ஆடுகள் சரிவில் மேய்ந்தன. கீழே ஏரி. பலர் இதை ஐரோப்பா மாதிரி என்று சொல்லிக்கொண்டு படமெடுத்தார்கள். மன்னவனூர் மன்னவனூர் மாதிரிதான் இருக்கிறது. இந்தப் புல் இங்கே முளைத்தது.

திரும்பும்போது வத்தலக்குண்டு போகாமல் பெரியகுளம் இறங்கி, கும்பக்கரை அருவிக்குப் போனேன். முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார் போகும் மலைச்சாலை முடியும்வரை கொடைக்கானல் பயணம் தொடங்கியது இந்த அடிவாரத்தில். மாட்டுவண்டியை விட்டிறங்கி, குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலோ செண்பகனூர் வழியாக ஏறுவார்கள். யார் யாரோ பெயரில் பாதைகளும் பூங்காக்களும் இருக்கின்றன. அந்த நாற்காலிகளைச் சுமந்தவர்கள் பெயரில் மலையில் எதுவும் இல்லை.

பாம்பாறு கும்பக்கரையில் பாறைக் குழிகளை நிரப்பிக்கொண்டு வந்தது. பாம்பார் சோலையில் சொட்டிய அதே தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் தேனி மாவட்டமே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து நின்றதுபோல் கூட்டம். நானும் இறங்கினேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெரியகுளத்துக்காரர் மேலே மலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அங்க கறுத்துருச்சு பாருங்க. தண்ணி நெறம் மாறுனா நிக்காதீக, உடனே கரையேறிருங்க." அவர் சொல்லி வாய் மூடவில்லை, வனக்காவலர் விசில் ஊதிவிட்டார். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் பாறை மேல் ஏறினோம். மேல் குழியில் தண்ணீர் அதற்குள் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது.